பொட்டு வைத்த எண்ணெய்த் தொட்டி

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எந்த மடையனாவது ஒரு காரின் வயிற்றைக் கழற்றிப் போடுவானா? என் மச்சான் போட்டார். அதை நினைத்தால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதினால் கோபம் ஆறும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆற வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். பினாங்கில் டத்தோ கிராமாட் ரோட்டுப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் பட்டறை வைத்திருந்தார். நல்ல வேலைக்காரர், அதை மறுக்கமாட்டேன். அவர் கை பட்டால் செத்த எஞ்சினும் ஒரு முறையாவது இருமும். ஆனால் நெற்றியில் பட்டை, காதில் பூ, வாயில் சதா சாமி பேச்சு. வேலைக்கு நடுவே கோயில் மணி கேட்டால் ஸ்பானரை அப்படியே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்த ஸ்பானர் எத்தனையோ தடவை என் கால்மேல் விழுந்திருக்கிறது.

எனக்கு ஒரு வாடகைக் கார் இருந்தது. துணிக்கூரை போட்ட பழைய கார். இரண்டு துரைமார்கள் ஓட்டித் தேய்த்த பிறகு என் கைக்கு வந்தது. வாங்கியது என் மனைவியின் இரட்டை வடச் சங்கிலியை விற்று. இதைச் சொன்னால் உடனே எல்லோரும் என்னை முறைப்பார்கள். அவள் கழுத்திலிருந்து நான் பிடுங்கவில்லை. ரிக்‌ஷா நிற்கும் இடத்தில் ஆள் பிடித்துக் கொடுத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்த என்னிடம் அவளேதான் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது சிரித்தாள்கூட.

அந்தச் சிரிப்பு என் மாமனாருக்குத் தெரியாது. அவர் பாலிக் புலாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், எங்கள் பேச்சில் கித்தாத் தோட்டத்தில், கங்காணி. தீவின் அந்தப் பக்கம், மலையைத் தாண்டிப் போக வேண்டும். பிரசவத்துக்கு மகளை அழைத்துக்கொண்டு போனவர், மொட்டைக் கழுத்தைப் பார்த்ததும் கொதித்துவிட்டார். கல்யாணத்தன்று ‘வாங்க மாப்பிள்ளை’ என்று என் கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தவர் அவர்தான். சங்கிலி போனதோடு அந்த ‘வாங்க’வும் போய்விட்டது.

பிள்ளை பிறந்த செய்தி கேட்டு நான் பஸ் ஏறிப் போனேன். அன்று என் கார் ரோட்டில் எண்ணெயைக் கொட்டிக்கொண்டிருந்ததால் மலை ஏற்ற எனக்குத் தைரியமில்லை. வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டார் மாமனார்.

“சங்கிலி போட்டு அனுப்பிச்சேன். கழுத்து காலியா வந்து நிக்குது. காடி வாங்கினியாமே, அந்தக் காடி எங்க? கண்ணால பாக்கணும்லா.”

“காரப் பட்டறைக்கு விடணும் மாமா. கொஞ்சம் எண்ண ஒழுகுது.”

“பஸ்ஸுல வந்தவன்கூட பஸ்ஸுல என் பொண்ணு வரமாட்டா. கித்தா வெல விழுந்து எங்களையெல்லாம் ஊருக்கு அனுப்புறாங்க. விஜயதசமிக்கு மறுநாள் கப்பல். அதுக்குள்ள அந்தக் காடியில வந்து கூட்டிட்டுப் போ. வரலன்னா அவளும் புள்ளயும் எங்களோட நாகப்பட்டினம்தான். சீட்டு போட்டாச்சு.”

உள்ளே குழந்தை அழுதது. அவளுடைய வளையல் சத்தமும் கேட்டது. அவள் வெளியே வரவில்லை. மகனை மாமியார் கொண்டுவந்து ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே எடுத்துப் போய்விட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்கு மாறி உட்கார்ந்தான். என் பெண்டாட்டியையும் பிள்ளையையும் ஒரு எண்ணெய் ஒழுகலுக்காகக் கப்பல் ஏற்றிவிடுவார்களாம்.

அந்த ஒழுகல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கு அடியில் ஒரு தொட்டி தொங்கும். எண்ணெய் அதில்தான் நிற்கும். எஞ்சின் சுற்றும்போது அந்த எண்ணெயை அள்ளி மேலே அடித்துக்கொள்ளும். தொட்டி வறண்டால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி, எஞ்சின் இறுகிச் செத்துப்போகும். தொட்டியின் விளிம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே தக்கையில் வெட்டிய ஒரு பட்டை உட்கார்ந்திருக்கும். அதற்குக் கேஸ்கட் என்று பெயர். சுற்றிலும் போல்ட்டுகளை முடுக்கினால் தக்கை நசுங்கி, சொட்டு எண்ணெய் வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும். என் காரில் அந்தத் தக்கை கிழடு தட்டி அப்பளமாகியிருந்தது.

புதுத் தக்கை ஒன்றே ஒன்று ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, கடையில் கிடைத்தது. “இது போச்சுன்னா சிங்கப்பூர்லேருந்துதான் வரணும்லா” என்று அவர் அரைகுறைத் தமிழில் எச்சரித்தே கொடுத்தார். அதைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

நவராத்திரி ஆரம்பித்ததிலிருந்து மச்சான் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். ஒருவழியாக ஆயுத பூஜைக்கு முதல் நாள் பிற்பகலில் காருக்கு அடியில் புகுந்தார். பழைய எண்ணெயை வடித்தார், போல்ட்டுகளைக் கழற்றினார், தொட்டியை இறக்கினார். ஒட்டிக்கொண்டிருந்த பழைய தக்கையைச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். தொட்டி கண்ணாடி மாதிரி ஆனது. இனித் தக்கையை வைத்து மேலே ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“கோயில்ல அலங்காரம் இருக்கு மாப்ள. காலையில வந்து மாட்டிடலாம்.”

“நாளைக்கு ஆயுத பூஜை மச்சான்! கருவி தொட மாட்டீங்களே!”

“பூஜைக்கு முன்னாடி மாட்டிடுவேன். நான் சொன்னா சொன்னதுதான்.”

காலையில் விடிந்தும் விடியாமலும் ஓடினேன். பட்டறை கழுவிவிடப்பட்டுத் தரையெல்லாம் கோலம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி, ரம்பம் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தன. நடுநாயகமாக, வாழையிலைமேல், என் எண்ணெய்த் தொட்டி. அதன் விளிம்பில் என் புதுத் தக்கையை மாலை மாதிரி சாத்தியிருந்தார். பக்கத்தில் பொரி கடலை.

“என்ன மச்சான் இது!”

“ஒன் காடிக்குத்தான் மொத மரியாதை” என்றார், பெருமையாக. “மலை ஏறப் போவுதுல்ல.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பூசணிக்காயைத் தூக்கி நானே உடைத்திருப்பேன், அதுவும் எங்கே என்று சொல்லமாட்டேன். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை முடியும் வரை தொடக்கூடாது. எனக்கும் சாமி உண்டு, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால் தொட முடியவில்லை. கார் கொட்டகைக்குள் வயிறு திறந்து கிடந்தது. என் மாமனார் மலைக்கு அந்தப் பக்கம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் நான் பொரியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றும் பொரியைக் கண்டால் எனக்கு ஆகாது.

விஜயதசமி காலை மறுபூஜை ஆனது. கற்பூரம் அணைவதற்குள் தக்கையை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு போல்ட் ஓட்டைக்குப் பக்கத்திலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். தொட்டியின் விளிம்பிலும் அதே கதை. நகத்தால் கீறிப் பார்த்தேன். வரவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், அசையவில்லை. சந்தனம் இப்படிக் கல்லாக இறுகி நான் பார்த்ததில்லை.

“வருஷா வருஷம் எண்ண இரும்புல பொட்டு நிக்காம உதிர்ந்துடுது மாப்ள. அபசகுனம்லா. அதான் இந்தத் தடவ சந்தனத்துல கொஞ்சம் அரக்குப் பச கலந்தேன்.”

கேஸ்கட் ஒட்டுவதற்கு வைத்திருந்த அரக்குப் பசை! அதைக் கோயில் சந்தனத்தில் குழைத்து, பொட்டு பொட்டாக வைத்திருக்கிறார் மனுஷன். தக்கை வழுவழுப்பாக உட்கார்ந்தால்தான் அடைக்கும் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். இப்போது அதில் அம்மை போட்ட மாதிரி மேடு மேடாக நிற்கிறது.

நான் கத்தியை எடுத்தேன். அவர் தக்கைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டார்.

“சாமிக்கு வச்ச பொட்ட, விஜயதசமி காலையில, கத்தியால சுரண்டுறதா? வேணாம் மாப்ள. பச்சப் புள்ளய ஏத்திக்கிட்டு மலையில எறங்கப் போற. அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா என்னச் சொல்லக் கூடாது.”

இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. அவர் பொட்டு வைத்ததைக்கூட மன்னிப்பேன். அந்த வார்த்தையை மன்னிக்க மாட்டேன். பெற்றவன் ஒருவன் கையில் கத்தி இருக்கும்போது அப்படி ஒரு சொல்லைச் சொன்னால் அந்தக் கை எப்படி நகரும்? நகரவில்லை. நான் கத்தியை வைத்துவிட்டேன்.

“இறுக்கி முடுக்கினா எல்லாம் சப்பையாப் போயிடும்” என்றார். தொட்டியைப் பலகைமேல் வைத்து ஜாக்கியால் தூக்கினோம். போல்ட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். அதை முறையாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் மேடு இருந்த இடமெல்லாம் இடைவெளி தெரிந்தது. அதை மூடுவதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். எங்கோ ஓரிடத்தில் தக்கை ‘சர்ரக்’ என்றது. இருவருக்கும் கேட்டது. அவர் அடுத்த போல்ட்டுக்குப் போனார்.

எண்ணெய் ஊற்றி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, எஞ்சினை ஓட்டவிட்டேன். ஒழுகுகிறதா என்று பார்க்க அதுதான் வழி. கொஞ்ச நேரத்தில் தாளில் ஒரு பொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. தக்கையில் அவர் எப்படி வரிசையாக வைத்தாரோ அதே வரிசையில் எண்ணெய்ப் பொட்டு விழுந்துகொண்டே வந்தது. மச்சான் குனிந்து பார்த்துவிட்டு, “ஓடினா சூட்டுல அடங்கிடும்லா” என்று எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கப் போனார். நான் அவரைப் பெயர் சொல்லித் திட்டினேன். அக்கா புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

வேறு வழி இல்லை. எண்ணெய் டின்களைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டேன். பாயான் லெப்பாஸ் வரை சமவெளி, சமாளித்துவிட்டேன். மலைப்பாதை ஆரம்பித்ததும் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏற, எண்ணெயெல்லாம் பின்பக்கம் சாய்ந்து பின் விளிம்பில் கொட்டியது. எஞ்சினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். உடனே நிறுத்துவேன், ஊற்றுவேன், ஆறவிடுவேன், மறுபடி ஏறுவேன். ஒவ்வொரு வளைவிலும் மச்சானைத் திட்டினேன், மாமனாரைத் திட்டினேன், கித்தா விலையைத் திட்டினேன். கிராம்பு மூட்டையோடு எதிரே வந்த ஒரு மலாய்க்காரர் நான் யாரோடு பேசுகிறேன் என்று காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் போய் நின்றபோது வெயில் சாய்ந்துவிட்டது. கார் வந்துவிட்டது, அதுதான் பெரிது. லயத்துச் சனம் எல்லாம் சூழ்ந்துகொண்டது. எல்லோரும் அந்த ஊரை விட்டுப் போகப் போகிறவர்கள்; மூட்டைகள் வாசலில் கிடந்தன. மாமனார் மெதுவாக வந்தார். காரைச் சுற்றி நடந்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தார். மண்ணில் அதற்குள் ஒரு குட்டை கட்டியிருந்தது.

“எம் பொண்ணு சங்கிலி இப்படி ரோடு பூரா ஒழுகிக்கிட்டு வந்திருக்கா?” என்றார்.

நான்கு பேர் சிரித்தார்கள். என் வாயில் என்ன வரப் போகிறது என்று எனக்கே தெரியவில்லை. அது வருவதற்குள் கதவு படீரென்று திறந்தது. இடுப்பில் பிள்ளையும் கையில் தகரப் பெட்டியுமாக அவள் வந்தாள். அவ்வளவு கோபமான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அது யாரு சங்கிலிப்பா? எனக்குன்னு போட்டீங்க, போட்டதோட அது என்னுது. கழட்டிக் குடுத்தது நானு. ஒழுகினா எனக்கு ஒழுகட்டும். ஒங்கள யாராவது எண்ண ஊத்தச் சொன்னாங்களா?”

மாமனார் வாயைத் திறந்தார். அவள் அதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

“நீங்க மட்டும் என்ன? அன்னைக்கு வாசல்ல நின்னுட்டு அப்படியே போனீங்களே. காடி வந்தாத்தான் வருவேன்னு நானா சொன்னேன்? உள்ள பெட்டி கட்டி வச்சிக்கிட்டு நின்னேன். வாடின்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா பஸ்ஸுலயே வந்திருப்பேன்லா!”

சனம் சிரிப்பதை நிறுத்திவிட்டது. மச்சானைத் திட்டுவதற்கு மலை நெடுக எனக்கு வாய் இருந்தது, அன்று வாசலில் அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவின் காலைத் தொட்டாள். காரில் ஏறி, எண்ணெய் டின் ஒன்றை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் பிள்ளைக்குப் பால் கொடுப்பதும், “நிறுத்துங்க, சத்தம் மாறுது, ஊத்துங்க” என்பதும், என்னைத் திட்டுவதுமாகவே வந்தாள். வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலை கப்பலடிக்குப் போனோம். தோட்டத்து லாரி வந்து ஆட்களை இறக்கியது. மாமனார் தலையில் மூட்டையோடு எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்தார். மகளிடம் பேசவில்லை, பேரனைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன அடியைப் பார்த்தார். மூட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அத நல்லா அடச்சிடுங்க மாப்பிள்ள. எம் பேரன் ஏறுற காடி.”

போய்விட்டார். கேட்டிருக்க வேண்டியதெல்லாம் எனக்குப் பிறகுதான் தொண்டைக்கு வந்தது. இந்த ‘மாப்பிள்ளை’யை ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அதற்குள் கப்பல் ஏணியை எடுத்துவிட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு விடச் சொன்னாள் அவள். மச்சான் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நான் காருக்கு அடியில் படுத்துப் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டேன். தக்கை ஓரிடத்தில் விண்டிருந்தது, நல்லவேளை, துண்டாகவில்லை. அவள் அதைத் தரையில் போட்டு, கத்தியை எடுத்து, பொட்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்ட ஆரம்பித்தாள்.

“அம்மாடி, அது சாமி பொட்டும்மா” என்று மச்சான் பதறினார்.

“அண்ணே, ஒங்களுக்குப் பொட்டு வச்சே ஆகணும்னா இந்தா, இவன் நெத்தியில வைங்க. அரக்கு கலக்காம வைங்க” என்று பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். மச்சான் பிள்ளையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

தொட்டி விளிம்பை நான் சுரண்டினேன். விண்ட இடத்தில் அதே அரக்குப் பசையை வைத்து ஒட்டினேன். அது இருக்க வேண்டிய இடம் அதுதான். தொட்டியை ஏற்றி, எதிரும் புதிருமாக முடுக்கி, எண்ணெய் ஊற்றி, அடியில் தாளை விரித்து எஞ்சினை ஓட்டவிட்டேன். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பலின் ஊதல் கேட்டது. ஒரு பொட்டுகூட விழவில்லை.

அவள் குனிந்து அந்தத் தாளை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“இத இப்ப எங்க அப்பாகிட்ட யாரு கொண்டுபோய்க் காட்டுறது?” என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள்.